முக்காடு போடாத விலை

கூப்பன் கடை வரிசையில் காலிப் புட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். திருமுல்லைவாயலிலிருந்து மோர் கொண்டுவரும் பாக்கியம் தலைப்பானையை இறக்காமலே வந்து சொன்னாள். "கிருஷ்ணாயிலு தணிகாசலம் பூட்டாராம். காத்தால கெணத்தாண்ட பல்லு வெளக்கிக்கினு இருந்தவரு அப்டியே குந்திட்டாரு, எய்ந்துக்கவே இல்லன்னு சொல்றாங்க."

மண்ணெண்ணெய்க்கு நிற்கிற வரிசையில் மண்ணெண்ணெய்க்காரர் செத்த சேதி வந்தது. ஒவ்வொருவராக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் திரும்பியது யார், இரண்டாவது யார் என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை அவர்களிடமே பேசிக்கொள்கிறேன்.

ஏன் பார்த்தார்கள் என்று அம்பத்தூரில் பழைய குடிகளுக்கெல்லாம் தெரியும். சண்டைக் காலத்தில் பட்டணத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த மனிதருக்குப் பூந்தமல்லி கோர்ட்டில் மூன்று மாதம் சிறை வாங்கிக் கொடுத்தது என் வாய். அவர் விற்பனை லைசென்சு போனதும் என் வாயால்தான். நம் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகைக்கு அவரைப் பற்றி யாராவது எழுதுங்கள் என்று கேட்டபோது நான் எழுதுகிறேன் என்றேன். நீயா என்றார்கள். நான்தான். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது, எழுத்தில் பிழை இருக்கும். ஞாபகத்தில் பிழை இருக்காது.

தணிகாசலத்தை அறிந்தவர்களுக்கு முதலில் நினைவு வருவது அவர் முகம் அல்ல, அவர் டின் சத்தம். வாரத்தில் இரண்டு நாள், வெயில் கூரைக்கு ஏறும் நேரத்தில், ஒற்றை மாட்டு வண்டியில் மண்ணெண்ணெய் டின்களை ஏற்றிக்கொண்டு தெருமுனைக்கு வருவார். அங்கே நிறுத்தி, வேப்பங்கழியால் ஒரு காலி டின்னைத் தட்டுவார். ஒரு தட்டு ஒரு காலணா. முதல் சுற்று, ஒரு புட்டி எண்ணெய் அவருக்கு வாங்கின இடத்தில் என்ன விலைக்கு விழுந்தது என்பது. பிறகு ஒரு மூச்சு விட்டு இரண்டாம் சுற்று, நமக்கு என்ன விலைக்குத் தருவார் என்பது. இரண்டுக்கும் நடுவில் எப்போதும் ஒரே ஒரு தட்டுதான் வித்தியாசம். அந்த ஒரு காலணாதான் அவருக்கும் அவர் பெண்டாட்டிக்கும் மாட்டுக்கும் சோறு.

என் மூன்றாம் வகுப்பைத் தவிரப் படிப்பு வாசனை இல்லாத பெண்கள் நாங்கள். அடுப்படியில் இருந்தபடியே எண்ணிவிடுவோம். ஏழு, நிறுத்தம், எட்டு. கரண்டியைப் பிடித்த கை அப்படியே நிற்கும். எண்ணி முடித்த பிறகுதான் குழம்பைக் கிளறுவோம். அந்தச் சமயத்தில் குழந்தை அழுதால் அதன் வாயைப் பொத்துவோம். என் மாமியாருக்குக் காது மந்தம். எத்தனை என்று கேட்பாள், நான் விரல்களைக் காட்டுவேன். ஒரு விரல் கூட்டிக் காட்டிக் காலணா மிச்சம் பிடித்ததும் உண்டு. கிழவி போய்ச் சேர்ந்துவிட்டாள், இனி சொன்னால் பாதகமில்லை.

இரண்டு எண்ணெய்க் கம்பெனிகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு விலையை இறக்கிய வருஷம் ஒன்று வந்தது. சீமையில் யாரோ இரண்டு பேர் சண்டை போட்டதில் நம் தெருவுக்கு வெளிச்சம் கூடியது. வாரத்துக்கு வாரம் தட்டு குறைந்தது. ஏழு ஆறாயிற்று, ஆறு ஐந்தாயிற்று. விலை இறங்குகிற நாளில் தணிகாசலம் தட்டும் தட்டே வேறு மாதிரி இருக்கும், கல்யாண வீட்டு மேளம் போல. அவருக்கு அதில் லாபம் ஒன்றுமில்லை, அதே ஒரு காலணாதான். ஆனாலும் மனிதர் முகம் எல்லாம் பல்லாக நிற்பார். அந்த வருஷம்தான் எங்கள் வீட்டில் இரண்டாவது விளக்கு வாங்கினோம். சாப்பிட ஒன்று, சமைக்க ஒன்று. ராணி மாதிரி இருந்தேன்.

ஒருநாள் இரண்டாம் சுற்றைத் தட்டிக்கொண்டிருந்தபோது குளவி ஒன்று அவர் கழுத்தில் உட்கார்ந்தது. கை நின்றுவிட்டது. எட்டு தட்டவேண்டியவர் ஆறோடு நிறுத்திவிட்டார். வாங்கினது ஏழு, விற்பது ஆறு. தெருவே புட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. நானும் ஓடினேன். குளவி கொட்டிய இடத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு நின்றவரிடம், தப்பாகத் தட்டிவிட்டீர்கள் என்று சொன்னது ஒரே ஒருத்திதான், அது நான் இல்லை. அவர் சொன்னார், "தட்டினது நானு. காதுல வுழுந்ததுதான் வெல." அன்று முழுக்க ஆறுக்கே ஊற்றினார். அடுத்த நடையில் அதை ஈடுகட்டக் கூட்டித் தட்டுவார் என்று நான் பந்தயம் கட்டினேன். வந்தார். ஏழு, நிறுத்தம், எட்டு. பந்தயத்தில் தோற்ற கோபம் எனக்கு ஒரு வாரம் இருந்தது.

நம் தெருவும் ஏரிக்கரைச் சேரியும் ஒரே விலைக்கு வாங்குவதா என்று சிலருக்குக் குறை இருந்தது. நிலம் வைத்திருக்கிறவர்களுக்குத் தட்டு ஒன்று குறைத்தால் என்ன என்று ஆண்கள் நேரில் கேட்டார்கள், பெண்கள் மறைவாகக் கேட்டோம். கேட்டோம் என்றுதான் எழுதுகிறேன், கேட்டார்கள் என்று எழுதவில்லை. அவர் சண்டை போடவில்லை. கழியை எடுத்து டின்னை ஒருமுறை ஓங்கித் தட்டினார். "சத்தம் தெரு பாத்தா போவுது நைனா? நம்ம தெருவுல தட்றது அங்க கேக்குது. அங்க தட்றது இங்க கேக்குது. ரெண்டு வெல வெச்சா எனக்கு ரெண்டு டின்னு வேணும்." அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அவர் எண்ணெய் எடுப்பது பூந்தமல்லியில் மண்டி அருணகிரியிடம். இந்தச் சுற்று வட்டாரத்தில் டின் டின்னாக எண்ணெய் இறக்குகிறவர் அவர் ஒருவர்தான். அங்கே வாயால் விலை பேசமாட்டார்கள். மாட்டுச் சந்தையில் தரகர்கள் பிடிப்பார்களே, அதுபோல. வாங்க வந்தவர் கையைப் பிடித்துத் தன் மேல்துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைத் தொட்டுத் தொட்டு விலை சொல்லுவார் அருணகிரி. பக்கத்தில் நிற்கிறவனுக்கு என்ன விலை என்று இவனுக்குத் தெரியாது. நான் ஒருமுறை நெல் போட்டுவிட்டு உப்பு வாங்கப் போனபோது என் கண்ணாலேயே பார்த்தேன். தணிகாசலத்தின் கையை அருணகிரி பிடித்தார், துண்டைப் போட்டார். தணிகாசலம் மற்றக் கையால் துண்டைத் தூக்கி அருணகிரியின் தோளிலேயே மடித்து வைத்தார்.

"வெலைக்கு இன்னாத்துக்கு மொதலாளி முக்காடு?" என்றார்.

அருணகிரி சிரித்தார். "ஒனக்கு ஒரு வெல, பட்டாபிராமுக்காரனுக்கு ஒரு வெல. தெறந்து சொன்னா நீங்க ரெண்டு பேரும் அடிச்சிக்குவீங்க. ஒங்க நல்லதுக்குத்தான் மூடறேன்."

"நாங்க அடிச்சிக்க மாட்டோம். ஒங்களாண்ட வந்து நிப்போம். அதுக்குத்தான் மூட்றீங்க."

மண்டியில் நின்றவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். அருணகிரியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். சிரிக்கிற மனிதர் ஒரு வார்த்தையை எத்தனை வருஷம் வைத்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். நானும் அந்த ஜாதிதான்.

பிறகு சண்டை வந்தது. ரங்கூன் போயிற்று, ரங்கூன் எண்ணெயும் போயிற்று. ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியது. பட்டணத்து ஜனங்கள் குண்டு விழும் என்று பயந்து மூட்டை முடிச்சோடு நம் பக்கம் வந்தார்கள். மாட்டுக் கொட்டகைகளைக்கூட வாடகைக்கு விட்டோம். விளக்குகள் கூடின, எண்ணெய் குறைந்தது. தணிகாசலத்தின் தட்டு ஒன்பதாயிற்று, பத்தாயிற்று, பன்னிரண்டாயிற்று. வீட்டுக்கு வாரம் ஒரு புட்டிக்கு மேல் கிடையாது என்று அவரே ஒரு திட்டம் வைத்தார்.

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. விமானம் வந்தால் தண்டவாளத் துண்டைத் தட்டி எச்சரிப்பார்கள், உடனே குழியில் இறங்கிப் படுக்கவேண்டும் என்று ஏ.ஆர்.பி.காரர்கள் சொல்லியிருந்தார்கள். தணிகாசலம் வழக்கம்போலத் தெருமுனையில் டின்னைத் தட்ட, பட்டணத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று அலறிக்கொண்டு போய்க் குழியில் விழுந்தது. பன்னிரண்டும் பதின்மூன்றும் தட்டி முடிக்கும் வரை அங்கேயே குப்புறப் படுத்திருந்தார்கள். அந்த வீட்டு அம்மாள் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்து வந்தாள். மறுநாளே உத்தரவு வந்துவிட்டது. இனி ஊருக்குள் எந்தத் தகரத்தையும் தட்டக்கூடாது.

டின் ஊமையானதும் தணிகாசலம் வண்டியில் உட்கார்ந்து திருதிருவென்று விழித்தார். விலையைக் கூவிச் சொல்லலாமே என்றார்கள். ஒரு முறை கூவினால் பத்து வீட்டில் பத்து விதமாகக் கேட்கும், அப்புறம் பேரம் வரும் என்றார். அப்போது ஒரு யோசனை சொன்னேன். கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி சுண்ணாம்பால் டின்னின் மேல் புள்ளி வைத்துவிடு, மேல் வரிசை வாங்கின விலை, கீழ் வரிசை விற்கிற விலை, எங்களில் புள்ளி எண்ணத் தெரியாதவள் யார் என்றேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. "யக்கா, நீ மட்டும் ஆம்பளையா பொறந்திருந்தா மண்டி வெச்சிருப்ப," என்றார். பெருமையாக இருந்தது. சத்தம் காற்றோடு போய்விடும், சுண்ணாம்புப் புள்ளி ஒட்டிக்கொண்டே இருக்கும் என்று அன்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

சர்க்கார் விலைக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. புட்டி இரண்டரை அணாவுக்கு மேல் விற்கக்கூடாது, அதாவது பத்துத் தட்டு. மண்டி வாசலில் பெரிய பலகை மாட்டி அந்த விலையைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். பலகைக்கு உள்ளே துண்டுக்கு அடியில் தணிகாசலத்துக்குப் போட்ட விலை பதின்மூன்று. ரசீது மட்டும் சர்க்கார் விலைக்குள் அடங்கி இருக்கும். வேண்டுமானால் எடு, வேண்டாவிட்டால் போ. அவர் எடுத்தார். வண்டியில் புள்ளி வைத்தார். மேலே பதின்மூன்று, கீழே பதினான்கு. சர்க்கார் விலையைப் புள்ளி வைத்துவிட்டுக் கையில் வேறு விலை வாங்கு, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று அவர் பெண்டாட்டி குப்பம்மாளே சொல்லியிருக்கிறாள். அவருக்கு அது வரவில்லை.

இந்த நேரத்தில்தான் என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். இன்றோ நாளையோ என்று இருந்தது. விடிய விடிய விளக்கு எரியவேண்டும். தணிகாசலத்தின் வண்டியை மறித்து இன்னும் ஒரு புட்டி கேட்டேன். பதினான்கு இல்லை, இருபது தருகிறேன் என்றேன். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"யக்கா, எண்ணெ கேக்காத. அது தெருவோடது," என்றார். "வெளக்கு வேணும்னா என் ஊட்டு வெளக்க எட்த்துக்கினு போ. ரொப்பி வெச்சது அப்டியே கீது."

அவர் சொன்னபடியே பொழுது சாய்வதற்குள் குப்பம்மாள் விளக்கைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தாள். அவர்கள் வீட்டில் இருந்தது அந்த ஒரே விளக்கு. நான் அதைத் திருப்பி அனுப்பினேன். எனக்குப் பிச்சை போடுகிறானா என்று கேட்டு அனுப்பினேன். தெருவே பார்க்க எண்ணெய் இல்லை என்று சொன்னவன், யாரும் பார்க்காமல் விளக்கைக் கொடுத்தனுப்பினால் சரியாகிவிடுமா என்று அப்போது தோன்றியது. இப்போது எழுதும்போது படிக்க நன்றாக இல்லை. ஆனால் அப்படித்தான் தோன்றியது.

மறுநாள் நடந்தே பூந்தமல்லிக்குப் போனேன். மண்டியின் பின்வாசல் வழியாக அருணகிரி என்னை உள்ளே விட்டார். பெண்பிள்ளை கையைப் பிடித்து விலை சொல்ல முடியாது அல்லவா, அதற்கு வேறு முறை வைத்திருந்தார். ஒரு தட்டில் துணி போட்டு மூடி நீட்டினார். துணிக்கு அடியில் கை விட்டு எடுத்தேன். புளியங்கொட்டைகள். எண்ணினேன். இருபத்துநான்கு. ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறணாவை வைத்துவிட்டு புகையாத வெள்ளை எண்ணெய் ஒரு புட்டியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். புளியங்கொட்டைகளைப் பதற்றத்தில் மடியிலேயே முடிந்து கொண்டுவந்துவிட்டேன். பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். அந்த வெளிச்சத்தில்தான் அவள் முகத்தை முதலில் பார்த்தேன்.

மறுநாள் காலை வாசலில் உட்கார்ந்து விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தணிகாசலம் வண்டியோடு போனார். அவர் அந்த நாளில் விற்றது சிவப்பு எண்ணெய், புகை கக்கும், கண்ணாடி கரியாகும். சாம்பல் போட்டுத் தேய்த்தால்தான் போகும். என் கையில் இருந்த கண்ணாடியில் கரியே இல்லை. ஒரு பார்வை பார்த்தார். கொழந்த இன்னா என்று கேட்டார். பெண் என்றேன். சந்தோஷம் என்று சொல்லிவிட்டு மாட்டைத் தட்டினார்.

பத்து நாள் கழித்து அதிகாரி வந்தார். கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்கிறான் என்று மொட்டைக் கடிதாசு போயிருந்தது. எழுதியது யார் என்று எனக்குத் தெரியும், நிரூபிக்கக் காகிதம் இல்லை. வேப்பமரத்தடியில் மேஜை போட்டார்கள். தணிகாசலத்தின் டின்னை மேஜைமேல் வைத்து அதிகாரி புள்ளிகளைப் பென்சிலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதினான்கு. மண்டியில் பதின்மூன்று வாங்கினார்கள், அதுதான் மேல் வரிசை என்று தணிகாசலம் சொன்னார். மண்டிக் கணக்குப்பிள்ளை அங்கேயே நின்றிருந்தான். வாசல் பலகையைப் பாருங்கள், ரசீதைப் பாருங்கள் என்றான். பலகையும் ரசீதும் ஒழுங்காக இருந்தன. சுண்ணாம்புப் புள்ளிதான் ஒழுங்கில்லாமல் இருந்தது.

தெருக்காரர்களைக் கேட்டார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் முன்னால் போனேன்.

என்ன விலைக்கு வாங்கினாய் என்று அதிகாரி கேட்டார். பதினான்கு காலணா என்றேன். எத்தனை நாளாக என்றார். எந்த அமாவாசைக்கு அடுத்த நடையில் பன்னிரண்டு பதின்மூன்றாயிற்று, எந்தக் கிருத்திகைக்கு முந்தின நடையில் பதின்மூன்று பதினான்காயிற்று என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். நான் சொன்னதில் பொய் கிடையாது.

பிறகு அவர் இரண்டாவது கேள்வி கேட்டார். "வேற யாராவது, மண்டியிலயோ வேற எடத்துலயோ, ஜாஸ்தி வெலைக்கு விக்கிறாங்களாம்மா?"

தணிகாசலம் என்னைப் பார்த்தார். அந்த ஒரு கேள்வியில்தான் அவர் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது. மண்டியில் இருபத்துநான்குக்கு வாங்கினேன் என்று ஒருத்தி சொல்லியிருந்தால் பலகை பொய் என்று ஆகியிருக்கும், அவருடைய மேல் வரிசை மெய் என்று ஆகியிருக்கும்.

"எனக்குத் தெரியாது," என்றேன்.

கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அந்தத் தெருவில் கையெழுத்துப் போடத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். போட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நானே பல காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கணக்குப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வாங்கினவளையும் பிடிப்பார்கள் என்று பேச்சு இருந்தது. மருமகனுக்கு ஆவடிப் பட்டாளத்து டிப்போவில் வேலை, அது போய்விடும் என்று பயந்தேன். அருணகிரி வாயால் ஒரு விலையும் சொல்லவில்லையே, சொல்லாத விலையை நான் எப்படிச் சொல்வது என்றுகூட நினைத்தேன். எல்லாம் உண்மை. இவற்றுக்கெல்லாம் அடியில், விளக்கைத் திருப்பி அனுப்பிய கோபம் அப்படியே இருந்தது. அது ஒன்று போதுமானதாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். வண்டியும் மாடும் போயிருந்தன. பழைய டின்களை வெட்டிச் சிமினி விளக்கும் புனலும் செய்து, தோளில் தொங்கவிட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்றார். அதிலும் அவர் புத்தி மாறவில்லை. ஒவ்வொரு விளக்கின் அடியிலும் ஆணியால் குத்தி இரண்டு வரிசைப் புள்ளி இருக்கும். தகரம் இவ்வளவு, விளக்கு இவ்வளவு. உங்களில் பலர் வீட்டில் இன்றும் அவர் செய்த விளக்கு இருக்கும், கவிழ்த்துப் பாருங்கள்.

கொரட்டூரில் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு ஏரிக்கரை மேல் நடந்து வந்துகொண்டிருந்தேன். எதிரே விளக்குகள் மோதிக் கிணுகிணுவென்று சத்தம் கேட்டது. விலகிப் போக வழியில்லை, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் சேறு. அவர் நின்றார்.

"யக்கா, நீ பொய் சொல்லல. நான் வித்த வெலயத்தான் சொன்ன. அதுல எனக்கு வருத்தமே இல்ல," என்றார். "ஆனா ஒன்னாண்ட இன்னொரு வெலயும் இருந்திச்சே. அத்த ஏன் உட்டுட்ட?"

என் விளக்குக் கண்ணாடியை அவர் அன்றைக்கே படித்துவிட்டார் என்று அப்போதுதான் புரிந்தது. அதிகாரிக்கு முன்னால் அவர் அதைச் சொல்லியிருக்கலாம். இந்த அம்மாள் வீட்டைச் சோதனை போடுங்கள், வெள்ளை எண்ணெய் இருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். பச்சைக் குழந்தை இருக்கிற வீடு என்று விட்டிருப்பார் போல. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நான் சேற்றில் இறங்கி நடந்தேன். அவர் கேட்டது நியாயம் என்பதாலேயே அவர்மேல் எனக்குக் கோபம் இரண்டு மடங்காயிற்று. அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் "யக்கா, சௌக்கியமா?" என்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒருமுறை ரயிலடியில், ஒருமுறை மாரியம்மன் கோவில் கூழ் ஊற்றும் இடத்தில், ஒருமுறை என் வீட்டு வாசலிலேயே. கடைசியாக, போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றாவது பதில் சொல்லியிருக்கலாம்.

சேதி வந்த அன்று வரிசையிலிருந்து விலகி, காலிப் புட்டியோடு அப்படியே அவர் வீட்டுக்குப் போனேன். பெண்கள் எனக்கு வழிவிட்டது மரியாதையால் அல்ல. குப்பம்மாள் என்னைப் பார்த்தாள். வெளியே போ என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன். பக்கத்தில் இடம் காட்டினாள்.

"ஒன்னப் பத்தி அவுரு ஒருநாளும் கெட்டதா பேசினது இல்ல யக்கா. அந்தக்காவுக்கு எண்ணத் தெரியும், பாதில நிறுத்திட்டாங்க, ஒருநாள் மீதியையும் எண்ணுவாங்கன்னு சொல்லிக்கினே இருப்பாரு," என்றாள்.

அழவேண்டிய இடத்தில் எனக்கு அழுகை வராது. பிறந்ததிலிருந்தே அப்படி. புட்டியை மடியில் வைத்துக்கொண்டு எடுக்கும் வரை உட்கார்ந்திருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆண்கள் குளத்திலிருந்து திரும்பியிருந்தார்கள். வெயில் கூரைக்கு ஏறுகிற நேரம். குப்பம்மாளிடம் அந்த டின் இருக்கிறதா என்று கேட்டேன். பரண்மேல் இருந்து எடுத்துக் கொடுத்தாள். சுண்ணாம்புப் புள்ளிகள் மங்கியிருந்தன, ஆனால் எண்ண முடிந்தது. வேப்பங்கழியும் அதற்குள்ளேயே கிடந்தது. சண்டை முடிந்துவிட்டது, தகரம் தட்டக்கூடாது என்ற உத்தரவும் முடிந்துவிட்டது. தெருமுனைக்குப் போய், அவர் வண்டியை நிறுத்துகிற இடத்தில் டின்னை வைத்தேன்.

பதின்மூன்று தட்டினேன். மூச்சு விட்டேன். பதினான்கு தட்டினேன். அடுப்படிகளில் சத்தம் அடங்கியது. பழைய பெண்கள் எண்ணுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. மறுபடி ஒரு மூச்சு விட்டு மூன்றாவது சுற்றைத் தொடங்கினேன். அந்தத் தெரு ஒருநாளும் மூன்றாவது சுற்றுக் கேட்டதில்லை. பத்தைத் தாண்டும்போது கதவுகள் திறந்தன. இருபதைத் தாண்டும்போது எல்லோரும் வாசலில் நின்றார்கள். இருபத்துநான்கில் நிறுத்தினேன்.

எதிர்வீட்டு ராஜம்மாள் கேட்டாள், "மூணாவது இன்னா வெல?"

"அருணகிரி மண்டியில நான் வாங்கின வெல," என்றேன். "அதிகாரி கேட்டப்ப தெரியாதுன்னு சொன்னேனே, அது."

ராஜம்மாள் உள்ளே போய், ஒரு நாழிகை கழித்து வந்து, தானும் மண்டிப் பின்வாசலுக்குப் போனதுண்டு, தன் தட்டில் இருபத்தாறு இருந்தது என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். அவர்கள் விலைகள் வேறு வேறாக இருந்தன. அவர்கள் பெயரை நான் எழுதவில்லை, அவரவர் வாயால் சொல்லட்டும். அருணகிரியின் பெயரை எழுதிவிட்டேன். அவர் உயிரோடுதான் இருக்கிறார், அவருக்குப் படிக்கவும் தெரியும்.

டின்னைக் குப்பம்மாளிடமே கொடுத்துவிட்டேன், அது அவளுடையது. கழியை மட்டும் நீ வைத்துக்கொள் என்றாள். வைத்திருக்கிறேன். கூப்பன் கடைக்காரனிடம் புட்டியை நீட்டும்போது உனக்கு என்ன விலைக்கு விழுந்தது என்று முதலில் கேட்கிறேன். அவன் முறைக்கிறான், பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள், இரண்டு பேர் தாங்களும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். தணிகாசலத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கழியும் அந்தக் கேள்வியும். அருணகிரியிடமிருந்து மிஞ்சியது இருபத்துநான்கு புளியங்கொட்டைகள். அவற்றை ஒரு காகிதத்தில் மடித்து இந்தத் தாள்களோடு வைத்திருக்கிறேன். வாசகசாலைக்கு வருகிறவர்கள் பிரித்து எண்ணிக்கொள்ளலாம். மேலே துணி எதுவும் போடவில்லை.